காரின் அடியில் ஒரு தீவு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் வலப்பக்கம் திரும்பிப் போனால் லங்காட் ஆற்றின் மேல் ஒரு பாலம் வரும். பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. தீவு என்றதும் வெள்ளை மணலையும் தென்னை மரங்களையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இது செம்பனைத் தீவு. சாலையின் இருபுறமும் வரிசை பிசகாமல் செம்பனை மரங்கள். அவற்றுக்கிடையே கறுத்த நீர் நிற்கும் வாய்க்கால்கள். பழக்குலை ஏற்றிப் போகும் டிராக்டர்கள். தாழ்வான நிலம் என்பதால் கடல் உள்ளே வராமல் மண் அணை கட்டிக் காக்கிறார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த அணை மேல் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கும் தீவு இது. அவர் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மா மெரி ஒராங் அஸ்லி மக்கள். சுங்கை பும்புன் கம்பத்தில் அவர்கள் செதுக்கும் மர முகமூடிகளை வாங்கவும், சதுப்பு நிலத்து நண்டைச் சாப்பிடவும் வார இறுதியில் பட்டணத்திலிருந்து கார்கள் வருகின்றன. தோட்டத்தில் நம்மவர்களும் மூன்று, நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள். கோயில் உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு. இளையவர்கள் பலர் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

நான் முகமூடிக்காகவும் நண்டுக்காகவும் போவதில்லை. என் அத்தை அங்கே இருக்கிறார். மாமா உரம் போடும் கூட்டத்துக்கு மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் இன்னமும் தோட்டத்தில் வேலை செய்வதால் வீடு அவர்களிடமே இருக்கிறது. அத்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், பந்திங்கில் இரத்தச் சுத்திகரிப்பு. காலை மணி ஏழுக்கு அங்கே இருக்க வேண்டும். விடியாத அந்த நேரத்தில் கைப்பேசியில் அழைத்தால் தீவுக்குள் வரும் வாடகைக் கார் அரிது. மகனிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். ஆறு மணிக்கே வேலைக்குப் போக வேண்டியவர். அண்டை வீட்டார் ஒரு நாள் உதவுவார்கள், வாரத்தில் மூன்று நாள் கேட்க முடியுமா? ஆகவே அத்தையின் உயிர் மாமாவின் காரில்தான் பயணம் போகிறது என்று சொன்னால் அது வெறும் பேச்சு அல்ல.

அந்தக் கார் 1999-இல் வாங்கிய புரோட்டோன் வீரா. நம்மில் பலர் வீட்டில் ஒரு காலத்தில் நின்ற கார்தான். 1993-இல் அறிமுகமாகி 2009 வரை தயாரிக்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. மலாயில் 'வீரா' என்றால் வீரன். நம் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. வயதான பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் வீரர்களை இன்றும் தோட்டப்புறச் சாலைகளில் நிறையப் பார்க்கலாம்.

சத்தம் சொன்ன செய்தி

வானொலியில் வேலை செய்வதால் காது கொஞ்சம் பழகிவிட்டது. சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு தீவுக்குப் போனேன். மறுநாள் காலை அத்தையோடு அந்தக் காரில் பந்திங் போய் வந்தபோது, இடப்பக்க முன் சக்கரத்திலிருந்து 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். சாலை மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் வந்தது. பிரேக் போட்டால் காரின் மூக்கு அளவுக்கு மீறிக் குனிந்தது. திரும்பி வரும்போது அத்தை ஊசி குத்திக் கட்டுப் போட்டிருந்த கையை மறுகையால் தாங்கிப் பிடித்தபடியே வந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் முகம் சுருங்கியது. மாமா ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் அந்தச் சத்தம் தெரிந்தே இருந்தது.

அன்று பிற்பகலே பாலத்துக்கு இப்பால் உள்ள ஒரு பட்டறைக்குப் போனோம். தகரக் கூரை, இரண்டு கார் நிற்கும் இடம், சுவரில் முருகன் படம், ஓரத்தில் பழைய டயர் அடுக்கு. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மாமாவை 'அண்ணே' என்றும் என்னைத் 'தங்கச்சி' என்றும் அழைத்தார். ஜேக் வைத்துத் தூக்கி, தாங்குகால் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“வந்து பாருங்க தங்கச்சி. இந்தக் கார் எங்கே ஓடுதுன்னு நம்பர் பிளேட்டப் பார்க்க வேணாம். அடியில பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

பார்த்தேன். சக்கரக் குழிக்குள் செம்மண் காய்ந்து சுண்ணாம்புபோல் இறுகியிருந்தது. அதைச் சுரண்டினால் அடியில் ஈரம். போல்ட்டுகளின் தலை துருவேறி, வடிவம் மழுங்கிப்போயிருந்தது. பின்பக்கம் மட்டும் இன்னும் மோசம். அது ஏன் என்று கேட்டேன்.

“முன்னாடி இருக்கிறது கடல் காத்து. பின்னாடி இருக்கிறது உரம். அண்ணன் அந்தக் காலத்துல பூட்டுல உரச்சாக்கு ஏத்தினாரு பாருங்க, அது செஞ்ச வேலை.”

மாமா சிரித்துக்கொண்டார். பட்டறைக்காரர் சொன்னது சரியான கணக்கு. செம்பனைக்குப் போடும் உரங்களில் முக்கியமானது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பு என்பது சோடியம் குளோரைடு. இரண்டிலும் உள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். சாலையில் சிந்திய உரம், கடற்காற்றின் உப்பு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் செம்மண் என மூன்றும் தீவு வாசிகளின் எல்லாக் கார்களின் அடியிலும் இருக்கின்றன. மேலே பளபளவென்று துடைத்து வைத்த கார்களும் இதற்கு விலக்கல்ல.

சிக்கிக்கொண்ட அப்சோர்பர்

நாம் பேச்சில் 'அப்சோர்பர்' என்கிறோம். முன் சக்கரத்தில் இருப்பதன் முழுப் பெயர் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1940-களில் வடிவமைத்தது. ஸ்பிரிங்கும் அதிர்வை அடக்கும் எண்ணெய்க் குழாயும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே தூண். மேல் முனை காரின் உடலோடும், கீழ் முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற வார்ப்பிரும்புத் துண்டோடும் சேரும். இடம் கொஞ்சமாகவும் செலவு குறைவாகவும் பிடிப்பதால் இன்றும் பெரும்பாலான சிறிய கார்களில் இதுதான்.

வீராவில் இந்தத் தூணின் அடியில் கவை போன்ற ஒரு பிடி இருக்கிறது. நக்கிளின் காது அதற்குள் நுழையும். இரண்டு தடித்த போல்ட்டுகள் குறுக்கே போய் இரண்டையும் இறுக்கும். புதிய காரில் அந்த இரண்டையும் உருவினால் தூண் கையோடு வந்துவிடும். இருபத்தைந்து ஆண்டு ஓடிய காரில் நட்டு கழன்றாலும் போல்ட்டு வராது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியில் துரு வளர்ந்து, ஆப்பு அடித்ததுபோல் நெருக்கிவிடும்.

வெள்ளிக்கிழமை அவர் எதையும் கழற்றவில்லை. கம்பி பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை நட்டுகளைச் சுற்றி விட்டார். அரை மணி கழித்து மறுபடியும் விட்டார். பிறகு சக்கரத்தை மாட்டி, “மெதுவா ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க அண்ணே. ஆட்டத்துல எண்ணெய் உள்ளே இறங்கும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை வலப்பக்கம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இடப்பக்கம்தான் பிரச்சினை. மேல் போல்ட்டு வந்துவிட்டது. கீழ் போல்ட்டின் நட்டை ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகிக் கழற்றினார். ஆனால் போல்ட்டு அசையவில்லை. நட்டைப் பாதி திருப்பி மாட்டி, மரை கெடாதபடி அதன் மேல் சுத்தியலால் தட்டினார். 'தொப்' என்று ஒரு செத்த சத்தம். சுவரைத் தட்டுவதுபோல் இருந்தது.

உதவிக்கு நின்ற பையன் காற்றில் இயங்கும் துப்பாக்கியை எடுத்து வந்தான். அவர் வேண்டாம் என்றார். அது ஒரே வேகத்தில் முறுக்கும். போல்ட்டின் தலை திருகி அறுந்துபோனால் உள்ளே நிற்பதைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு நக்கிளையே கழற்ற வேண்டும். அப்படியானால் பால் ஜாயிண்ட், ஸ்டீரிங் கம்பி, சக்கரத்துக்குச் சுழற்சி தரும் தண்டு எல்லாம் வெளியே வர வேண்டும். சனிக்கிழமை அரை நாள் வேலை. ஞாயிறு பட்டறை மூடல். திங்கள் காலை ஏழு மணி.

எனக்கோ திங்கள் விடியற்காலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. ஞாயிறு இரவே கோலாலம்பூர் திரும்பியாக வேண்டும். மாமா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை சுத்திகரிப்பு தவறினால் உடலில் நீரும் பொட்டாசியமும் கூடும். அது இதயத்தைப் பாதிக்கும். அத்தைக்கு ஒரு முறை அப்படி ஆகி மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்திருக்கிறார். அதை யாரும் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் கைப்பேசியை எடுத்தார். காப்பார் சாலையில் உள்ள ஒரு கடைக்கு அழைத்து, வீராவின் இடப்பக்க நக்கிள் இருந்தால் எடுத்து வைக்கச் சொன்னார். கிள்ளானைச் சுற்றியுள்ள பழைய கார் உதிரிபாகக் கடைகளைப் பார்த்திராதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பாதியாக வெட்டிய கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். 'ஹாஃப் கட்' என்பார்கள். பல ஜப்பானிலிருந்து துறைமுகம் வழியாக வருபவை. அந்த நாட்டில் புதிய காருக்கு மூன்று ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை. அந்தச் செலவை எண்ணியே பலர் நன்றாக ஓடும் காரையும் விட்டுவிடுகிறார்கள். அங்கே வேண்டாம் என்று விட்டது இங்கே பலரின் காரை ஓடவைக்கிறது.

மெழுகுவர்த்தியும் மயிரிழையும்

மாற்று ஏற்பாடு கையில் இருந்த பிறகுதான் அவர் நெருப்பைத் தொட்டார். அதற்கு முன் செய்த ஆயத்தங்களைப் பார்த்து எனக்கு மதிப்புக் கூடியது. விட்டிருந்த எண்ணெயை முழுவதும் துடைத்தார். பிரேக் ரப்பர் குழாயைத் தூணிலிருந்து விடுவித்துத் தள்ளிக் கட்டினார். பால் ஜாயிண்டின் ரப்பர் மூடியில் ஈரத்துணி சுற்றினார். பக்கத்தில் தீயணைப்பு உருளையும் ஒரு வாளித் தண்ணீரும். நெருப்பு அப்சோர்பர் குழாய்ப் பக்கமே போகக்கூடாது என்று பையனிடம் இரண்டு முறை சொன்னார். உள்ளே எண்ணெய் இருக்கிறது, பல வகைகளில் அழுத்தமேற்றிய வாயுவும் இருக்கிறது, சூடானால் வெடிக்கும்.

அவர் சூடேற்றியது போல்ட்டை அல்ல. அதைச் சுற்றியுள்ள நக்கிளின் காதை. இரும்பு சூடானால் விரியும், துளையும் சேர்ந்து விரியும். எவ்வளவு? நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 மில்லிமீட்டர் துளை 200 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் விரியும். நம் தலைமுடியின் தடிமனில் பாதி. அவ்வளவுதான். ஆனால் துருவின் பிடியில் ஒரு விரிசல் விழ அது போதும்.

சூடு குறையத் தொடங்கியதும் சாமி படத்துக்கு அடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துப் போல்ட்டின் ஓரத்தில் தேய்த்தார். மெழுகு உருகி உள்ளே இழுபட்டது. ஸ்பேனரைப் போட்டுக் கழற்றும் பக்கமாகத் திருப்புவார் என்று நினைத்தேன். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் திருப்பினார். பிறகு இப்பக்கம் ஒரு நூல். மறுபடியும் அப்பக்கம். பத்து நிமிடம் இதே வேலை. அவசரமே இல்லை. திடீரென்று 'கிரீச்' என்று பல் கூசும் சத்தம். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கொஞ்சம் மெழுகு தேய்த்தார்.

மறுபடி சுத்தியலால் தட்டியபோது சத்தம் மாறியிருந்தது. 'தொப்' போய் 'டிங்' வந்தது. வாசலில் இருந்த மாமா அந்தச் சத்தத்தைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நான்காவது தட்டில் போல்ட்டு வெளியே வந்து தரையில் விழுந்தது. நடுப்பகுதி இடுப்பு மெலிந்து, செம்பழுப்பாக இருந்தது.

பக்கத்து இடத்தில் பழைய ஐரோப்பியக் கார் ஒன்று மூன்று நாளாக நின்றிருந்தது. அந்த வகைக் காரில் அப்சோர்பர் குழாயே நக்கிளின் துளைக்குள் இறங்கி உட்காரும். நக்கிளில் ஒரு பிளவு. குறுக்கே ஒரு போல்ட்டு அதை இறுக்கும். துரு பிடித்தால் குழாய் முழுவதும் கவ்விக்கொள்ளும். பிளவுக்குள் ஒரு சாவி போன்ற கருவியை விட்டுத் திருப்பி, வாயைச் சிறிது அகட்டி, எண்ணெய் விட்டு, நக்கிளைக் கீழ்நோக்கித் தட்டி இறக்க வேண்டும். அதிகம் அகட்டினால் நக்கிள் பிளந்துவிடும். “அதுக்கு இன்னும் ஒரு நாள் ஊறணும்” என்றார். கார் எதுவானாலும் அவர் வைத்தியம் ஒன்றே.

புதிய அப்சோர்பரைப் பொருத்துமுன் துளையை மணல் தாளால் தேய்த்து, போல்ட்டின் தண்டில் செப்புக் கிரீஸ் மெல்லியதாகத் தடவினார். பழைய போல்ட்டு, நட்டு எதையும் திரும்பப் போடவில்லை. அளவுகாட்டும் ஸ்பேனரில்தான் இறுக்கினார். அடுத்த முறை கழற்றப் போகிறவருக்கு இது அவர் செய்து வைக்கும் உதவி. அப்படி ஒரு முறை வருமா என்று நான் கேட்கவில்லை. பகல் ஒரு மணிக்குச் சக்கர நேர்ப்பாடு பார்க்கும் கடைக்குப் போனோம். ஒரு ஜோடி அப்சோர்பர், போல்ட்டு, கூலி, நேர்ப்பாடு எல்லாம் சேர்த்து 500 வெள்ளிக்குள் முடிந்தது. காப்பாருக்கு அழைத்து நக்கிள் வேண்டாம் என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் வயதான கார் இருந்தால்

கடலோரத்திலோ தோட்டப்புறத்திலோ இருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது காரின் அடிப்பகுதியையும் சக்கரக் குழிகளையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே மெழுகு போடுவதைவிட இது முக்கியம். அப்சோர்பரில் எண்ணெய் வடிந்த தடம், டயரில் மேடு பள்ளமான தேய்மானம், மேட்டில் வரும் 'டொக்' சத்தம் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பார்த்துவிடுங்கள். ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடிவிடும். மாற்றினால் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். பட்டறைக்கு முதல் நாளே போய் எண்ணெய் விட்டு வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த ஓர் இரவு பல போல்ட்டுகளைக் காப்பாற்றும். நீங்களே செய்யும் பழக்கமுள்ளவராக இருந்தாலும், தூணின் உச்சியில் நடுவில் உள்ள நட்டை மட்டும் தொடாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் அதனால்தான் நிற்கிறது. அதைக் கழற்ற அதற்குரிய அழுத்தும் கருவி வேண்டும்.

கேரித் தீவுக்குப் போகிறவர்கள் மண் அணை மேல் ஏறிக் கடலையும் பாருங்கள், சுங்கை பும்புனில் மரம் செதுக்குபவர்களையும் பாருங்கள். தோட்டச் சாலையில் எதிரே ஒரு பழைய வீராவோ சாகாவோ மெதுவாக வந்தால் ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் வழிவிடுங்கள். உள்ளே யார் எங்கே போகிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது.

திங்கட்கிழமை காலை மணி 6.52-க்கு, செய்திக்கு முந்திய விளம்பர இடைவேளையில் மாமாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. இரண்டே சொற்கள்: “வந்துட்டோம்மா.” பின்னணியில் அத்தையின் குரல் கேட்டது. தாதியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.